பாதி ஷட்டர்

அந்தக் கடைத்தெருவுக்குள் ராணுவ வண்டி நுழைந்தால் எல்லாக் கடைகளின் ஷட்டரும் பாதிக்கு இறங்கிவிட வேண்டும். வண்டியில் வருவது யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி, கொடி போர்த்திய பெட்டி தெருவைத் தாண்டும்வரை கடைக்காரர்கள் வெளியே வந்து, ஷட்டருக்கு முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது எழுதியிருக்கவில்லை. மெத்தைக்கடைக்காரி ஆரம்பித்து வைத்தது, அவ்வளவுதான்.

ஆரம்பித்து வைத்தாள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல். போர் தொடங்கிய புதிதில், எதிர் வரிசைத் தையல்காரரின் மூத்த மகனைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் சாவு. வண்டி திரும்புவதைப் பார்த்ததும் மெத்தைக்கடைக்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடையைச் சாத்திவிடலாம் என்று கொக்கியை மாட்டி இழுத்தாள். துருப்பிடித்த ஷட்டர். பாதி வழியில் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் இதைப் பார்த்தார். ஓகோ, மரியாதை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று தன் ஷட்டரையும் அளவு பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அவரைப் பார்த்து சலூன்காரர், சலூன்காரரைப் பார்த்து மருந்துக்கடைக்காரர். வண்டி தெருமுனையை எட்டுவதற்குள் ஒரு வழக்கம் பிறந்து, கண்ணும் திறந்துவிட்டது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ‘தலை வணங்கிய தெரு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, மெத்தைக்கடைக்காரியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு துருதான் காரணம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல அவளுக்கு மனமும் வரவில்லை. கணவன் போன பிறகு தனியாளாகக் கடை நடத்திவந்தவளை அதுவரை அந்தத் தெருவில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கடைக்காரர் சங்கத்தில் அவள் பேச எழுந்தால் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இப்போது ஊரே ‘ஷட்டர் அக்கா’ என்றது. அதிகாரிகள் வந்து கை கூப்பினார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

துருவுக்கு எண்ணெய் விட்டாள். அடுத்த வண்டி வந்தபோது ஷட்டர் எங்கே சொன்னாலும் நின்றது. பாதியில் நிறுத்தினாள். யாராவது இறக்க மறந்தால் அந்தக் கடை வாசலில் போய் இடுப்பில் கை வைத்து நிற்பாள். செல்போன் கடைக்காரன் ஒருமுறை போனில் பேசிக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருந்தான். “உனக்காகத்தான்டா அவன் செத்திருக்கான். எழுந்து நிக்கக்கூட முடியலையா?” என்று அவள் கேட்ட கேள்வியில் அவன் போனைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அந்த நாட்களில் தெரு அப்படித்தான் இருந்தது. சலூனில் முடி வெட்டியதைவிட எல்லைக்கோட்டை வெட்டியதுதான் அதிகம். சலூன்காரர் கத்தரியால் காற்றில் வரைபடம் போட்டு, படையை எந்தப் பக்கமாக நகர்த்த வேண்டும் என்று தளபதிகளுக்கு யோசனை சொல்வார். காதோரம் கத்தரி பறக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? இன்னும் கொஞ்ச நாள்தான், மழைக்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார். எந்த மழைக்காலம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இந்தச் சூட்டில்தான் அவள் மகனுக்குப் படைக்கு ஆள் எடுக்கும் வயது வந்தது. கடையில் பஞ்சு அடைத்து, மெத்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த பிள்ளை. அவனும் தையல்காரரின் சின்ன மகனும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் தேறாமல் போனவர்கள். அவன் பெரிதாக எதுவும் பேசவில்லை. ஒரு மத்தியானம், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “போகணுமாம்மா?” என்று மட்டும் கேட்டான்.

வயிறு ஒன்று சொன்னது. வாய் வேறொன்று சொன்னது. “ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் ஷட்டரை இறக்கிட்டு, உன்னை மட்டும் உள்ள வச்சுப் பூட்டினா என்னை என்னடா சொல்லுவாங்க?”

அவன் தலையை ஆட்டினான். இரண்டு பையன்களும் ஒரே லாரியில் ஏறினார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தையல்காரர் தன் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “உங்கண்ணன் பேரைக் காப்பாத்துடா” என்றார்.

பிறகு வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. மழைக்காலம் போய் வெயில் வந்தது, வெயில் போய் மறுபடி மழை வந்தது. கைதட்டல் முதலில் நின்றது. பூப்போடுவது அப்புறம் நின்றது. ரொட்டிக்கடைக்காரருக்கு அடுப்பில் ரொட்டி கருகியது. சலூனில் பாதி மழித்த முகத்தோடு ஒரு வாடிக்கையாளர் வெளியே வந்து சோப்பு நுரையுடன் தலை குனிந்து நின்றார். நுரை காய்ந்து முகம் எரிந்ததில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்குக் கண்ணீர் விட்டவர் அவர் ஒருவர்தான். ஷட்டர்களும் ஏறத் தொடங்கின. இடுப்பளவுக்கு இறங்கிக்கொண்டிருந்தவை நெஞ்சளவில் நின்றன, பிறகு தலையளவில். கடைசியில் சில பேர் கொக்கியை மாட்டி ஒரு சத்தம் மட்டும் எழுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

போர் பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஷட்டரின் சுருள்வில் தேய்கிறது என்றார்கள். மின்வெட்டு, மாவு கிடைப்பதில்லை, முதுகுவலி என்றார்கள். விருந்துக்கு வந்தவர் கிளம்பும் விதம் நமக்குத் தெரியும். முதலில் மணி பார்ப்பார், பிறகு செருப்பைத் தேடுவார், வாசலில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுக்காரரைப் புகழ்வார். தெரு அந்தப் போரிலிருந்து அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தது. சலூன்காரர் கத்தரியை முடிக்கு மட்டும் பயன்படுத்தினார். யாராவது பேச்சை ஆரம்பித்தால், “கண்ணை மூடுங்க, முடி விழும்” என்று அடக்கிவிடுவார். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம், எதற்காக என்ற கேள்வி எல்லார் வாயிலும் இருந்தது. அதை முதலில் துப்புகிறவன் யார் என்பதுதான் சிக்கல். ஏனென்றால் தெருவில் ஷட்டர் அக்கா இருந்தாள்.

ஷட்டர் அக்காவின் நிலைமையோ யாரிடமும் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில், தெருவில் ஈ காக்கை இல்லாத ஒரு மத்தியானம், அவள் மகன் திரும்பி வந்துவிட்டான். விடுமுறையில் அல்ல. ஓடி வந்துவிட்டான்.

கடையின் பின்பக்கம் ஒரு பரண் உண்டு. தலையணைகளை அடுக்கி வைக்கிற இடம். அங்கேதான் அவனை ஏற்றினாள். முதல் சில நாட்கள் அவன் தூங்கினான், விழித்தான், மறுபடி தூங்கினான். அங்கே என்ன நடந்தது என்று அவள் கேட்டபோது, “எந்தப் பக்கம் சுடணும்னே தெரியல. அவங்களும் எங்களை மாதிரி பயந்த பசங்கதான்” என்றான்.

“நீ மட்டும்தான் வந்தியா? தையல்கடைப் பையன்?”

“அவன் திரும்பிப் போயிட்டான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாதி வழியில் மனசு மாறிப் போயிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பரணில் காற்று வர ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் எதிரே தையல்கடை தெரியும். மகன் அங்கேயே கண்ணை வைத்துக்கொண்டு, “மாமா இன்னிக்கு மிஷின்ல உக்காரவே இல்லம்மா” என்பான். சில நாள் சாப்பாட்டைத் தொடாமல் தட்டை அப்படியே இறக்கிக் கொடுப்பான்.

அவனைத் தேடிக்கொண்டு ராணுவத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டைப் புரட்டிப் போட்டார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். கடைக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சுவரில் அந்தப் பத்திரிகைப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வந்தவர்களில் பெரியவராக இருந்தவர், “உங்களையே சந்தேகப்பட்டா எங்களுக்குச் சோறு இறங்காதும்மா” என்று தயங்கினார். “வந்தா நானே பிடிச்சுக் கொடுப்பேன். அப்படி ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம்” என்று அவள் பரணுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். அவர்கள் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் புரிந்தது அவளுக்கு. மகன் தலைக்கு மேல் இருப்பது தகரக் கூரை இல்லை, அவளுடைய பேர். அந்தப் பேரில் கொஞ்சம் ஓட்டை விழுந்தாலும் பையன் நனைந்துவிடுவான்.

அதனால் முன்னைவிட அதிகமாகக் கத்தினாள். வண்டி வந்தால் முதல் ஆளாக ஷட்டரை இழுத்தாள். தலையளவில் நிறுத்தியவர்களை இடுப்பளவுக்கு இறக்க வைத்தாள். அவளுக்கே அவள் குரல் நாராசமாக இருந்தது. ஒவ்வொரு பெட்டி கடக்கும்போதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது, என் பிள்ளை இதில் இல்லை என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் அடுத்த பெட்டிக்கும் அது தவறாமல் வந்தது.

பஞ்சுத் தூசி வேறு சோதித்தது. பரணில் அவன் தும்மினால் கீழே அவளும் தும்முவாள். இரண்டு தும்மலும் ஒட்டி வந்தால் ஒன்றாகக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. மெத்தை வாங்க வந்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் தானே ஒரு நாள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

“சளி ரொம்ப நாளா விடமாட்டேங்குது போல” என்றார். “கூடவே இன்னொரு அட்டை வச்சிருக்கேன். ஒண்ணு உங்களுக்குப் பத்தாது.”

ரொட்டிக்கடைக்காரர் அவள் கேட்பதைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினார். ஏன் என்று கேட்டால், “நேத்து மிஞ்சினதுக்கா, வீணாப் போகும்” என்பார். மாவுக்கே தட்டுப்பாடு உள்ள ஊரில் எங்கே மிஞ்சுகிறது? தொட்டால் சூடாக வேறு இருக்கும். அவளுக்குப் புரியவில்லை என்றில்லை. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால், அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த லட்சணத்தில் சங்கக் கூட்டம் வந்தது. ரொட்டிக்கடையின் பின்பக்கம் மாவு மூட்டைகளின் மேல் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஷட்டர் இறக்குவதை நிறுத்திவிடலாமா என்பதுதான் பேச்சு. நிறுத்தலாமா என்று கேட்கக்கூட ஆளுக்கொரு சுற்று சுற்றினார்கள். சலூன்காரர் சுருள் தேய்மானத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். செல்போன் கடைக்காரன் வியாபாரம் படுத்துவிட்டது என்றான். ஒரு பழக்கடைக்காரி, தனக்கு ஷட்டரே கிடையாது, தார்ப்பாயைப் பாதிக்கு இறக்கினால் பழமெல்லாம் சாலையில் உருள்கிறது என்றாள். கொஞ்சம் சிரித்தார்கள்.

அப்போது தையல்காரர் எழுந்தார். மூத்த மகன் செத்தபோது இதே தெருவில் நிமிர்ந்து நடந்த மனிதர், இப்போது இளைத்துப் போயிருந்தார். “எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க? போதும்னு சொல்லுங்க. என் பையனுக்கு நீங்க எல்லாரும் தலை குனிஞ்சப்ப, எனக்கு அழுகை வரல. பெருமையா இருந்துச்சு. அதுதான் தப்பாப் போச்சு. நீங்க ஷட்டரை இறக்க இறக்க, அடுத்தவன் வீட்டுல கிளம்புறான். நிறுத்துங்க.”

இத்தனை நாளும் ஒருவர் வாயிலும் வராதது, வரவேண்டிய வாயிலிருந்தே வந்துவிட்டது. எல்லார் கண்களும் மெத்தைக்கடைக்காரி பக்கம் திரும்பின. அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கம் அங்கேயே செத்துவிடும்.

சொல்லத்தான் நினைத்தாள். நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில், நகராட்சியிலிருந்து வந்தவன் ஒருவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷட்டர் அக்காவே நிறுத்தச் சொன்னாளாம் என்று நாளைக்குப் பேச்சு கிளம்பும். அவளுக்கு ஏன் திடீரென்று மனம் மாறியது என்று ஒருவன் யோசிப்பான். யோசிக்கிறவன் பரணுக்கு வருவான்.

எழுந்தாள். “என்ன பேச்சுண்ணே இது? நம்ம பசங்க அங்க உயிரைக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க, நமக்கு ஷட்டர் கனக்குதா? நிறுத்தறவங்க நிறுத்துங்க. அவங்க கடை வாசல்ல நான் நிப்பேன். என் பையன் ஓடிப் போயிட்டான்னு பேசிக்கிறீங்க. ஓடினவன் எனக்குப் பிள்ளை இல்ல. நின்னு செத்தவங்கதான் எனக்குப் பிள்ளைங்க.”

தையல்காரர் அவளையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பவர்போலப் பார்த்தார். “நீ சொல்றியா தங்கச்சி இதை?” என்றார் மெதுவாக. பிறகு உட்கார்ந்துவிட்டார். நகராட்சி ஆள் கைதட்டினான். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் தட்டினார்கள். மாவு மூட்டையிலிருந்து எழுந்தபோது அவள் புடவையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவமானத்தில் அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. வழக்கம் பிழைத்துக்கொண்டது.

அடுத்த வண்டி வரப்போகிறது என்று ஒரு காலையில் ரொட்டிக்கடைக்காரர் வந்து சொன்னார். எப்போதும் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து மெத்தை விளிம்பில் உட்கார்ந்தார்.

“யாருன்னு கேக்க மாட்டீங்களாக்கா?”

“யாரு?”

“தையல்காரர் சின்னவன்.”

மேலே பரணில் ஏதோ தொப்பென்று விழுந்தது. அவளுக்கு இருமல் வரவில்லை, தும்மலும் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். “எலி இருக்கும்போல. பஞ்சுக் கடைன்னா வரத்தான் செய்யும். கதவைச் சாத்தி வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் ஏணியில் ஏறினாள். மகன் ஒரு தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுகிறான் என்பது தோளைப் பார்த்தால்தான் தெரிந்தது. “இறங்காதேடா. என்ன நடந்தாலும் இறங்காதே. வண்டியோட அதிகாரி வருவாரு” என்றாள். அவன் தலையை ஆட்டினான். போகணுமாம்மா என்று கேட்ட அன்றைக்கு ஆட்டிய அதே ஆட்டல்தான். அவளுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வண்டி திரும்பியது. கொக்கியை மாட்டி இழுத்தாள். ஷட்டர் இடுப்பளவில் நின்றது. தெரு முழுக்க அன்றைக்கு ஒருத்தர்கூட ஏமாற்றவில்லை. எல்லாக் கடையும் சரிபாதிக்கு இறங்கியது. தையல்காரர் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் அதிகாரி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தபடி வந்தார்.

அவள் தலையைக் குனிந்தாள். வண்டி போகும் பக்கமாக உடம்பைத் திருப்பிக் குனிந்தவளின் கடைக்கண்ணுக்குத் தன் கடையின் தரை தெரிந்தது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், மெத்தை அடுக்குக்கு முன்னால், இரண்டு வெறுங்கால்கள் நின்றுகொண்டிருந்தன. குதிகால் இரண்டும் ஒட்டி, விரைப்பாக, ராணுவத்தில் நிற்கச் சொல்லிக்கொடுப்பார்களே அப்படி. காலில் பஞ்சு ஒட்டியிருந்தது. நண்பனுக்கு மரியாதை செய்ய இறங்கி வந்துவிட்டான்.

காலால் ஜாடை காட்டினாள். அவன் நகரவில்லை. திரும்பிப் பேசினால் அதிகாரி பார்ப்பார். கொக்கியை எடுத்து ஷட்டரை இழுத்தால், பாதியில் நிறுத்து என்று ஊருக்கே சொன்னவள் இப்போது ஏன் இழுக்கிறாள் என்று பார்ப்பார். தெருவிலோ தலை குனிந்தவர்கள்தான் எல்லாரும். தலை குனிந்தவர்களுக்குத் தரைதானே தெரியும்? ரொட்டிக்கடைக்காரரின் பார்வை அந்தக் கால்களில் பட்டு நின்றது. எதிர் வரிசையில் சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், பழக்கடைக்காரி. எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அதிகாரி அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் பார்த்த இடத்தைப் பார்ப்பார்.

வண்டி மெத்தைக்கடையைத் தாண்டியது. தையல்காரர் தாண்டவில்லை. நின்றுவிட்டார். அவர் கண்ணும் கீழேதான் இருந்தது. அந்தக் கால்களைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். அவர் மகன் பெட்டியில் போகிறான், அவளுடைய மகன் பஞ்சு ஒட்டிய காலோடு நிற்கிறான். இந்த மனிதர் வாயைத் திறந்தால் அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவளாலேயே சொல்ல முடியவில்லை. முடிந்தது என்று நினைத்தாள்.

அதிகாரி நாலடி முன்னே போய்த் திரும்பினார். “என்ன ஐயா, முடியலையா?”

தையல்காரர் அவளிடமிருந்து கொக்கியை வாங்கினார். ஷட்டரில் மாட்டி ஒரே இழுப்பாகத் தரைவரை இழுத்தார். தடதடவென்ற சத்தத்தில் தெருவே திடுக்கிட்டது.

“என்ன பண்றீங்க?” என்றார் அதிகாரி.

“மூத்தவனுக்குப் பாதி இறக்கினாங்க. இது ரெண்டாமவன். எனக்கு இதுக்குமேல பிள்ளை இல்ல. முழுசா இறக்கிடச் சொல்லுங்க.”

அதிகாரிக்கு அதில் குறை கண்டுபிடிக்க எதுவும் இல்லை. ரொட்டிக்கடைக்காரர் தன் ஷட்டரைத் தரைவரை இழுத்தார். சலூன்காரர் இழுத்தார், மருந்துக்கடைக்காரர், செல்போன் கடைக்காரன், அவனுக்கு அடுத்தவன், அதற்கும் அடுத்தவன். பழக்கடைக்காரி தார்ப்பாயை அவிழ்த்து மொத்தமாக இறக்கினாள். பழங்கள் உருண்டன, அவள் எடுக்கவில்லை. இறக்கிவிட்டு ஒருவரும் தலை குனிந்து நிற்கவில்லை. ஷட்டருக்கு முன்னால் கைகட்டிக்கொண்டு அதிகாரியை நேராகப் பார்த்து நின்றார்கள். அது மரியாதையா வேறு ஏதாவதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தொடர்ந்தார்.

மெத்தைக்கடைக்காரிக்குத் தையல்காரரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. கதறி அழ வேண்டும் போலிருந்தது. இரண்டும் முடியாது. ஷட்டர் அக்கா அழ மாட்டாள், தெருமுனைவரை வண்டியோடு நடப்பாள், அதுதான் வழக்கம். பூட்டைப் போட்டாள். உள்ளே இருட்டில் மகன் நிற்பது முதுகில் தெரிந்தது. தையல்காரருக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். அதிகாரி ஒதுங்கி நின்று அவர்களை முன்னே விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். வண்டியின் எஞ்சின் சத்தம் அவர்கள் பேச்சை மூடுகிற அளவுக்கு இருந்தது.

“அன்னிக்கு மழையில ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தாங்க” என்றார் தையல்காரர், வண்டியைப் பார்த்தபடியே.

அவளுக்கு அடி தடுமாறியது. நடக்காமல் இருக்க முடியாது, நடந்தாள்.

“இவன் என் கதவைத் தட்டினான். உள்ள விடல நான். உங்கண்ணனுக்குத் தெருவே தலை குனிஞ்சுச்சேடா, அந்தத் தெருவுல ஓடி வந்தவனை வச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்னு கேட்டேன். சரிப்பான்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டான். நனைஞ்சுக்கிட்டே போனான். குடைகூடக் கொடுக்கல.”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“கூட்டத்துல அன்னிக்கு நீ பேசினப்பவே கேக்கணும்னு இருந்தேன். நான் அந்த ஷட்டருக்குப் பயந்தவன். நீ அதை ஆரம்பிச்சவ. நீ எப்படித் தங்கச்சி கதவைத் திறந்தே?”

தெருமுனை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட அவளால் முடியவில்லை.

“எனக்கு அடையாளம் தெரியலண்ணே” என்றாள். “தாடியும் சேறுமா வந்து நின்னான். யாரோ மழைக்கு ஒதுங்க வந்திருக்கான்னு நெனச்சு உள்ள வாப்பான்னு கூப்பிட்டேன். உள்ள வந்து அம்மான்னு கூப்பிட்டப்புறம்தான் தெரிஞ்சுது. வாசல்லயே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலண்ணே.”

தையல்காரர் தலையை ஆட்டினார். பின்னால் அதிகாரி வந்துகொண்டிருந்தார்.